இரண்டு பரப்புச் சிப்பித் திட்டு: யாழ் பரவைக்கடலில் நடந்த ஒரு கூட்டு முயற்சி

யாழ்ப்பாணப் பரவைக்கடலின் கரையோரக் கிராமம் ஒன்றில், தேய்ந்துகொண்டு வந்த உள்ளூர்ச் சிப்பித் திட்டை மீட்க 2023 முதல் 2025 நடுப்பகுதி வரை நடந்தவற்றின் பதிவு இது. கிராமத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம். கூட்டக் குறிப்புகளும் களக் குறிப்புகளும் என் பொறுப்பில் இருந்தன. கீழே வருபவை அந்தக் குறிப்புகளை வைத்து எழுதப்பட்டவை. இடையிடையே வரும் அபிப்பிராயம் என்னுடையது.

பின்னணி

பரவைக்கடல் ஆழம் குறைந்தது. வத்து நேரத்தில், அதாவது கடல் நீர் இறங்கும்போது, பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நெடுந்தூரம் நடந்து போகலாம். மேற்கே தீவுகளுக்கு இடையால் பெருங்கடலோடு தொடர்பு இருக்கிறது. கிழக்கே போகப் போக நீரோட்டம் மந்தமாகும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடை மழை நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். ஆனி, ஆடி வெயிலில் அதே இடம் கடலைவிட உப்பாகிவிடும். ஒரே வருடத்துக்குள் இரண்டு அந்தத்தையும் தாங்கும் உயிர்கள்தான் இங்கே நிலைக்கும். கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்று நூல்களில் வழங்கும் பெரிய சிப்பி அவற்றில் ஒன்று. கல்லிலும் கண்டல் வேரிலும் ஒட்டியிருக்கும் விளிம்பு கூரான சிறிய பாறைச் சிப்பி இன்னொரு இனம். பாறைச் சிப்பி கல்லை விட்டு இறங்காது. பெரிய சிப்பி அப்படியல்ல. பழைய ஓடுகளின் மேல் புதியது ஒட்டி, அதன் மேல் இன்னொன்று ஒட்டி, சேற்றுத் தரையிலேயே திட்டுக் கட்டும்.

இந்தக் கிராமத்தில் சிப்பியும் மட்டியும் பொறுக்குவது பெண்களின் தொழில். வள்ளமும் வலையும் இல்லாத வீடுகள், குறிப்பாகப் போரில் ஆண்களை இழந்த வீடுகள், உமலும் (பனையோலைப் பை) கத்தியும் கொண்டு நடந்தே போய்ச் செய்யும் தொழில். சதையைச் சந்தையில் விற்பார்கள். ஓடு சுண்ணாம்புச் சூளைக்கும் கோழித்தீனுக்கும் போகும். பிற்காலத்தில் வியாபாரிகள் உயிர்ச் சிப்பியை விட்டுவிட்டு, தரையில் கிடந்த பழைய ஓட்டையே மூட்டை மூட்டையாக அள்ளத் தொடங்கினார்கள். செத்த ஓடுதானே என்று எவரும் தடுக்கவில்லை. திட்டு தேய்ந்ததற்கு மீன்பிடியைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. சிப்பிக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து இரண்டு மூன்று கிழமை நீரில் மிதந்து திரியும். பின்னர் கடினமான ஒரு பரப்பைத் தேடி ஒட்டும். ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான், பிறகு இடம் மாறாது. ஒட்ட ஓடு இல்லாவிட்டால் சேற்றில் விழுந்து சாகும். தண்ணீரில் குஞ்சு இருந்தும் தரையில் திட்டு இல்லாமற் போவதன் காரணம் இதுதான்.

கடலட்டைப் பண்ணைகள் பெருகிய காலமும் அதுவே. வலையால் அடைத்த பட்டிகள் நீரோட்டத்தை மறிக்கின்றன, குஞ்சு மீன் வரும் வழியை அடைக்கின்றன என்று களப்பின் பல கரைகளிலும் சங்கங்கள் முறையிட்டுக்கொண்டிருந்தன. ஆகவே "கடலுக்குள் ஏதோ வைக்கப் போகிறார்கள்" என்ற பேச்சு எழுந்தாலே ஊரில் சந்தேகம் எழும். எங்கள் முயற்சியும் அந்தச் சந்தேகத்துக்குள்தான் கால் வைத்தது.

யார் யார் சேர்ந்தார்கள்

யோசனை லண்டனிலிருந்து வந்தது. ஊரைச் சேர்ந்த ஒருவர் லண்டனுக்கு அண்மையில், எசெக்ஸ் கரைப் பக்கம் வசிக்கிறார். அங்கே பிளாக்வாட்டர், குரவுச், ரோச், கோல்ன் ஆற்று முகத்துவாரங்களில் அந்தக் கரைக்கு இயல்பான தட்டைச் சிப்பிக்காக 2013இல் ஒரு கடற்பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. சிப்பி பிடிப்பவர்கள், இயற்கை அமைப்புகள், ஆய்வாளர்கள், அரச அதிகாரிகள் ஒரே மேசையில் இருந்து அதை நடத்துகிறார்கள். 2017இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய நாட்டினர் இதே நோக்கத்துக்காக ஒரு கூட்டணியையும் அமைத்தார்கள். அவர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, ஊர்ச் சங்கத்துக்கு எழுதினார்: "செலவை நாங்கள் பார்க்கிறம், நீங்கள் செய்யுங்கோ."

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒப்புக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரும் மாணவர் சிலரும் சேர்ந்தார்கள். பகுதிக் கடற்றொழில் பரிசோதகர் கூட்டங்களுக்கு வந்தார். கோவில் மண்டபத்தைப் பங்குத் தந்தை தந்தார். முதல் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட ஏழு பேரில் பெண் ஒருவரும் இல்லை. சிப்பி பொறுக்குபவர்கள் சங்கத்தில் அங்கத்தவர்கள் அல்லர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சங்க அங்கத்துவம் வள்ளத்தையும் வலையையும் வைத்துத்தான் என்பதால் அது உண்மைதான். அந்த உண்மை போதாது என்பது பிறகு தெரிந்தது.

முதலில் கண்டவை

2023 நடுப்பகுதியில், வத்து நேரங்களில் தரையைப் பார்த்தோம். கயிற்றில் முடிச்சுப் போட்டு நேர்கோடாக இழுத்து, குறித்த தூரத்துக்கு ஒருமுறை பிவிசி குழாயால் செய்த சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் உயிரோடிருந்தவற்றையும் வெறும் ஓடுகளையும் எண்ணினோம். உவர்மானியால் உப்பையும் அளந்தோம்.

உயிர்ச் சிப்பி பெரும்பாலும் பழைய தாம்போதிக் கற்களிலும் வாய்க்காலோரத்திலும்தான் இருந்தது. நடுத்தரையில், பெண்கள் "முந்தி இஞ்ச கால் வைக்கேலாது" என்று காட்டிய இடத்தில், சேற்றுக்குள் கையை விட்டால் ஓட்டுத் துண்டுகள் தட்டுப்பட்டன. மேலே ஒன்றும் இல்லை. அள்ளிக்கொண்டு போனதன் எச்சம் அது.

அளவில் இன்னொன்றையும் கவனித்தோம். அகப்பட்டவற்றில் பெரியது குறைவு. இந்தச் சிப்பி பெரும்பாலும் முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறும். பெரியதைப் பார்த்துப் பொறுக்கினால் தாய்ச் சிப்பிகளைத்தான் பொறுக்குகிறோம். பொறுக்குபவர்களுக்கு இது புதிய செய்தி. பல்கலைக்கழகத்தாருக்கு அவர்கள் சொன்னது புதிய செய்தி. எப்போது குஞ்சு ஒட்டுகிறது என்று கேட்டபோது, மூத்த பெண் ஒருவர் மாணவனிடம் சொன்னார்:

"தம்பி, நீங்கள் மாசத்தை எண்ணுங்கோ. நாங்கள் காலைத்தான் பார்ப்பம். பொங்கல் கழிஞ்சு புதுச்சிப்பி பிடிச்சுதெண்டால், தேஞ்ச செருப்போட இறங்கேலாது."

புதிதாக ஒட்டிய சிப்பியின் விளிம்பு மெல்லியதாகவும் கூராகவும் இருக்கும். பழையது மழுங்கியிருக்கும். உள்ளங்காலில் விழும் கீறல்தான் அவர்களின் நாட்காட்டி. மாணவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். ஆனால் அப்போது அதை எவரும் தீர்மானமாக எடுக்கவில்லை.

முடிவுகளும் காரணங்களும்

*குஞ்சை எங்கிருந்து எடுப்பது.* புத்தளம் களப்புப் பக்கம் கங்கேவாடியவில் சிப்பி வளர்ப்பு இருக்கிறது, அங்கிருந்து குஞ்சு வாங்கினால் ஒரு வருடம் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். வேகமாக வளரும் வெளிநாட்டு இனம் ஒன்றைக் கொண்டுவரலாம் என்றும் பேச்சு எழுந்தது. இரண்டையும் விரிவுரையாளர் உறுதியாக மறுத்தார். ஐரோப்பாவின் அனுபவத்தை எடுத்துச் சொன்னார். 1970களின் கடைசியில், இடம் மாற்றப்பட்ட சிப்பியோடு பொனாமியா என்ற ஒட்டுண்ணி பிரான்சுக் கரைக்கு வந்து, அங்கிருந்து பல நாடுகளின் தட்டைச் சிப்பிகளைத் தாக்கியது. இன்றுவரை அங்கே மீட்பு வேலைக்குப் பெரிய தடைகளில் அதுவும் ஒன்று. எங்கள் தண்ணீரில் குஞ்சு இல்லை என்றால் வெளியே போகலாம், குஞ்சு இருந்து ஓடுதான் இல்லை என்றால் ஓட்டைத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். எல்லோரும் ஏற்றார்கள். இந்த முயற்சியில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இது என்று இன்றும் நினைக்கிறேன்.

*எதை வைப்பது.* தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970களிலிருந்து இதே இனத்தை வளர்த்துப் பார்த்தவர்கள். சுண்ணாம்பு பூசிய கூரை ஓட்டில் குஞ்சு பிடிப்பது அவர்கள் கைக்கொண்ட முறை. சுண்ணாம்புப் படையில் ஒட்டிய குஞ்சைப் பின்னர் சேதமில்லாமல் கழற்றலாம். எங்களுக்கும் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. இடிந்த வீடுகளின் ஓடுகள் வளவுகளில் குவிந்து கிடந்தன. உடைந்த ஓட்டை அடியில் பரப்பிச் சேற்றுக்கு மேலே உயர்த்துவது, அதன் மேல் சிப்பி ஓட்டைக் கொட்டுவது, முழு ஓடுகளில் சுண்ணாம்பு பூசிச் சோதனைக்கு நிறுத்துவது என்று முடிவானது. உயர்த்தாமல் தரையோடு தரையாகக் கொட்டினால் ஒரு சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்திலேயே மண்டி என்ற நுண்சேறு மூடிவிடும்.

சிப்பி ஓட்டுக்குத்தான் சிக்கல். வியாபாரி கொடுக்கும் விலையை இந்த முயற்சிக்கான கூட்டுநிதி கொடுக்காவிட்டால் எந்த வீடும் ஓட்டைத் தராது. அதே விலை என்று பேசி, உரித்த ஓடுகளை வீடு வீடாகச் சேர்த்தோம். வேறு களப்பிலிருந்து வந்த ஓடு கலந்திருக்கலாம் என்பதால், எல்லாவற்றையும் மாதக்கணக்கில் வெயிலில் காயப்போட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தார் நின்றார்கள். காயும் சிப்பி ஓடு என்ன மணம் மணக்கும் என்பது மண்டபத்தில் இருந்து திட்டம் போடுபவர்களுக்குத் தெரிவதில்லை. இலையான் பெருகி அயல் வீடுகளில் சண்டை வந்தது. கடைசியில் குவியல் சுடலைப் பக்கம் போனது.

*எவ்வளவு பரப்பு.* அமெரிக்காவின் செசபீக் குடாவில் ஹரிஸ் கிறீக் என்ற ஒரே ஓடையில் ஏறத்தாழ 350 ஏக்கர் திட்டை 2015 அளவில் செய்து முடித்தார்கள். லண்டன்காரர் அந்தப் படங்களை அனுப்பியிருந்தார். நாங்கள் எடுத்தது இரண்டு பரப்பு, அதாவது ஏக்கரில் எட்டில் ஒன்று. உள்பக்கச் சமதரையில் ஒரு பரப்பு, வாய்க்காலோரத்தில் ஒரு பரப்பு. உள்பக்கம் காவலுக்கு வசதி. வாய்க்காலோரத்தில் ஓட்டம் நல்லது. இரண்டையும் வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

*மூடுவது.* சங்க நிர்வாகம் முழுச் சமதரையையும் இரண்டு வருடம் மூடத் தீர்மானித்து, பரிசோதகருக்குக் கடிதமும் கொடுத்துவிட்டது. பெண்களுக்கு அது பிறகுதான் எட்டியது. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பில்லாமலே வந்தார்கள். அன்று எழுதிய குறிப்பில் இரண்டு வரியை அப்படியே தருகிறேன்:

"அண்ணை, நீங்கள் வலைக்குப் போவியள். நாங்கள் எங்க போறது? நீங்கள் மூடுறது கடலை இல்லை, எங்கட அடுப்பை."

தலைவர் முதலில் சினந்தார். பின்னர் பங்குத் தந்தை இடைப்பட்டு, அன்றைய தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். இரண்டு கூட்டங்கள் கழித்து முடிவானது இது: மூடுவது அந்த இரண்டு பரப்பை மட்டும், மற்ற இடம் திறந்திருக்கும், நடுவிரல் நீளத்துக்குக் குறைந்ததைத் திருப்பிப் போடுவது, கொத்தாக இருப்பதில் மிகப் பெரிய ஒன்றை விட்டுவைப்பது, தரையில் கிடக்கும் பழைய ஓட்டை எவரும் அள்ளக்கூடாது. கடைசி விதியை முன்வைத்தவர்கள் பெண்களே. பதிவேட்டையும் அவர்கள் கையில் கொடுத்தோம். நாளாந்தம் அந்த வழியால் நடப்பவர்கள் அவர்கள்தான்.

*அனுமதி.* கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டம் 1996இல் வந்தது. அதன்படி நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் படிவம் வளர்ப்பவரை நினைத்து எழுதப்பட்டது. உரிமையாளர் யார், எவ்வளவு அறுவடை, எங்கே விற்பனை என்று கேட்கும். அறுவடை செய்யாத, எவருக்கும் சொந்தமில்லாத திட்டுக்கு அதில் கட்டம் இல்லை. ஒரு அலுவலகத்தில் இதைப் பண்ணை என்று எழுதினால் சுலபம் என்றார்கள். சங்கம் மறுத்தது. பண்ணை என்று ஒருமுறை எழுதினால் நாளைக்கு அந்தப் பத்திரத்தைக் காட்டி யாரும் பட்டி கட்டலாம் என்ற பயம். அது வீண் பயமல்ல. கடைசியில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுச் சோதனை என்ற பெயரில், காலவரையறையோடு ஒரு சம்மதக் கடிதம் கிடைத்தது.

ஒக்டோபர் ஓடும் தை ஓடும்

லண்டனில் வாழும் ஊரவர்களின் சங்கத்து ஆண்டிறுதி ஒன்றுகூடலுக்குப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காக ஒக்டோபரிலேயே ஓடுகளை இறக்கச் சொன்னார்கள். பெண்கள் "பொங்கல் கழியட்டும்" என்றார்கள். விரிவுரையாளர் ஒரு நடுவழி கண்டார்: சோதனை ஓடுகளில் பாதியை ஒக்டோபரில், மீதியைத் தை கடைசியில்.

2024 மாசி முடிவில் இரண்டையும் தூக்கிப் பார்த்தோம். ஒக்டோபர் ஓடுகளில் வழுவழுப்பான பாசி, அதன் மேல் மண்டி, இடையெல்லாம் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசு. சுண்ணாம்பின் வெள்ளை எங்கும் தெரியவில்லை. நகத்தால் சுரண்டித் தேடி எடுத்த சிப்பிக் குஞ்சுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தை ஓடுகளின் அடிப்பக்கத்தில் கடுகளவிலிருந்து சுண்டுவிரல் நகத்தளவு வரை செம்மண்ணிறக் குஞ்சுகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. வெயிலும் மண்டியும் படும் மேற்பக்கத்தில் குறைவு. ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி மாணவி ஒருத்தி எண்ணத் தொடங்கி, பாதியில் சட்டத்தை வைத்து மட்டும் எண்ணினால் போதும் என்று விட்டாள்.

அன்றிலிருந்து கூட்டங்களின் போக்கு மாறியது. எப்போது, எங்கே என்ற கேள்விகள் நேரே பெண்கள் பக்கம் போயின. இரண்டு பேர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். இதைப் பெருந்தன்மை என்று எழுத எனக்கு மனமில்லை. ஓடு காட்டிய பிறகுதான் இடம் கிடைத்தது.

பிடுங்கிய கம்புகள்

வாய்க்காலோரப் பரப்பில் இன்னொரு பிரச்சினை இருந்தது. அந்த இடத்துக்குக் கிட்ட ஒருவரின் சிறகுவலைப் பாடு, அதாவது அவர் வலை கட்டும் இடம். குவியல் இறால் வரும் வழியைத் திருப்பிவிடும் என்று அவர் எதிர்த்தார். இடத்தைத் தெற்கே நகர்த்தியதும் அவர் அமைதியானார். ஆனால் பங்குனியில் ஒரு நாள் காலை எல்லைக் கம்புகள் பிடுங்கப்பட்டிருந்தன. ஊர் முழுக்கச் சிறகுவலைக்காரரையே சொன்னது. பொலிசுக்குப் போவோம் என்றும் சிலர் நின்றார்கள்.

சங்கத் தலைவர் அவசரப்படவில்லை. பரிசோதகரோடு பக்கத்து ஊர்ச் சங்கத்துக்குப் போய்ப் பேசினார். பிடுங்கியவர்கள் அந்த ஊர் நண்டு வலைக்காரர். இரவில் வலை கம்பில் சிக்கிக் கிழிந்திருக்கிறது. கடலட்டைப் பட்டி ஒன்று இரவோடிரவாக முளைக்கிறது என்று நினைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். "எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லையே" என்றார்கள். உண்மையில் ஒருவரும் சொல்லவில்லை. உடன்படிக்கை எங்கள் ஊர் எல்லையோடு நின்றிருந்தது. பரவைக்கடலில் ஊர் எல்லை வலைகளுக்குத் தெரியாது.

அதன் பின் கம்புகளின் தலையில் வெள்ளைப் போத்தல் கட்டப்பட்டது. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார். கிழிந்த வலைக்குக் கூட்டுநிதியிலிருந்து கொடுத்தது தேவையா என்று கணக்குப் பார்க்கும்போது கேட்டார்கள். தேவை என்றே நான் சொல்வேன். அந்தப் பணத்துக்கு இரவுக் காவல் வாங்கியிருக்க முடியாது. பிறகு நண்டு வலைக்காரரே அந்தப் பக்கம் கண் வைத்திருந்தார்கள்.

2024 ஐப்பசி வரை இரண்டு பரப்பிலும் வளர்ச்சி நன்றாக இருந்தது. சிப்பி இடுக்குகளில் சின்ன நண்டும் இறால் குஞ்சும் பதுங்குவதைப் பதிவேட்டில் பெண்கள் தாங்களாகவே எழுதத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒரு பத்தியை நாங்கள் பதிவேட்டில் வகுத்திருக்கவில்லை.

வெள்ளம்

2024 நவம்பர் கடைசியில், பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாக வடக்கே நகர்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை, வெள்ளம். குடாநாட்டின் வயல்களும் வாய்க்கால்களும் பரவைக்கடலுக்குள் இறங்கின.

சிப்பி நன்னீரைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். சில நாட்கள் அப்படித் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் தேங்கி நின்றால் முடியாது. உள்பக்கப் பரப்பில் தண்ணீர் தேங்கியது. மார்கழி நடுவில் இறங்கிப் பார்த்தபோது ஓடுகள் இணைப்பு விடாமல், வாய் பிளந்து, உள்ளே மண்டியோடு கிடந்தன. கையில் எடுத்தவற்றில் மூடியிருந்தது ஒன்றிரண்டுதான். வாய்க்காலோரத்தில் பெருக்கு வத்து ஓட்டம் இருந்தபடியால் பாதிக்கு மேல் உயிரோடிருந்தன. நான்கைந்து கூப்பிடு தூர வித்தியாசத்தில் இரண்டு முடிவு.

படங்கள் லண்டனுக்குப் போயின. அடுத்த தவணைப் பணம் வரவில்லை. "இரண்டு வருசமாக் கடலுக்குள்ள காசு போட்டிருக்கிறம்" என்று லண்டன்காரர் தொலைபேசியில் சொன்னாராம். அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பணம் சேர்த்தவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எசெக்ஸ் கரையிலும் செசபீக்கிலும் இது பல வருடங்கள், பத்தாண்டுகள் என்று எண்ணும் வேலை என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வைத்திருந்தால் அந்தத் தொலைபேசிப் பேச்சு வேறுவிதமாக இருந்திருக்கும். உடன்படிக்கையில் செலவுத் தலைப்புகள் இருந்தன, இழப்பு என்ற சொல் இல்லை.

பணம் நின்றபோது வேலை நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. பதிவேடு தொடர்ந்தது. சங்கம் ஒரு சிறு தொகையை ஒதுக்கியது. ஓட்டை விலைக்குத் தந்த வீடுகளில் சில இனாமாகத் தந்தன, சில வியாபாரியிடம் திரும்பிப் போயின.

பின்னர் நடந்தவை

2025 மாசியில் வாய்க்காலோரத் திட்டில் புதுக் குஞ்சு நன்றாக ஒட்டியது. செத்துக் கிடந்த உள்பக்க ஓடுகளிலும் ஒட்டியது. செத்த சிப்பியின் ஓடும் தளம்தான் என்பதை விரிவுரையாளர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதி சோளகக் காலத்தில் மண்டிக்குள் போனது. உள்பக்கப் பரப்பைக் கைவிட ஆனியில் முடிவானது. அங்கிருந்த ஓடுகளைக் கிளறி எடுத்து, வாய்க்காலோரத்துக்கு மாற்றினார்கள். மூடியிருந்த அந்த ஒரு பரப்பு பொறுக்குவதற்குத் திரும்பத் திறந்துவிடப்பட்டது.

திறந்திருந்த இடங்களில் கைப்பிடித்த விதிகளின் பயன் எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்வது கடினம். பழைய ஓட்டை அள்ளும் மூட்டைகள் அந்தக் கரையிலிருந்து போவது நின்றுவிட்டது. அளவு விதியைச் சில நாட்கள் சிலர் மீறுகிறார்கள். பதிவேட்டில் அதையும் எழுதியிருக்கிறார்கள், பெயர் போடாமல்.

சதை விற்பனை பற்றி ஒரு குறிப்பு. சிப்பி தண்ணீரை வடித்து உண்ணும் உயிர். தண்ணீரில் இருக்கும் கிருமியும் அதற்குள் சேரும். நகரக் கழிவு நீர் கலக்கும் களப்பில் இது சின்ன விஷயமல்ல. எங்கள் வீடுகளில் சிப்பியை நன்றாக அவித்தே சமைப்பதால் பெரிய பேச்சு எழவில்லை. சுற்றுலா விடுதி ஒன்று பச்சையாகப் பரிமாறக் கேட்டபோது, நீர்ச் சோதனையும் சுத்திகரிப்புத் தொட்டியும் இல்லாமல் கொடுக்க முடியாது என்று மறுத்தார்கள். நல்ல விலை பேசியிருந்தார்கள். மறுத்தது சரி.

மாற்ற வேண்டியவை

இன்னொரு கரையில் இதைத் தொடங்குபவர்கள், இடத்தை உப்பின் சராசரியை வைத்துத் தெரிவு செய்யக்கூடாது. மிக மோசமான மாரியில் அங்கே தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்க வேண்டும். 2008 நிஷா வெள்ளத்தையும் 2020 புரெவியையும் கண்டவர்கள் எல்லாக் கரையிலும் இருக்கிறார்கள். உள்பக்கத் தரையில் தண்ணீர் தேங்கும் என்பது எங்கள் ஊரிலும் தெரிந்த விஷயம்தான். கேள்வி அப்படிக் கேட்கப்படவில்லை.

உடன்படிக்கையில் முதற் கையொப்பம் தரையில் நடப்பவர்களுடையதாக இருக்க வேண்டும். சங்க அங்கத்துவம் இல்லையென்றால் அதற்கு வழி காண்பது சங்கத்தின் வேலை. வலை வந்து போகும் தூரம் வரையுள்ள ஊர்களையும் முதற் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். பணம் தருபவரிடம் குறைந்தது ஐந்து மாரிக்கான திட்டத்தைக் கொடுத்து, அதில் ஒரு மாரி முழுதாகத் தோற்கும் என்றே கணக்கிட வேண்டும். ஓட்டு விலையைத் தொடக்கத்திலேயே வீடுகளோடு எழுதிக்கொள்ள வேண்டும். வியாபாரி விலையைக் கூட்டினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து.

அனுமதி விடயம் தனிச் சங்கத்தால் தீராது. அறுவடையில்லாத மீட்புத் திட்டுக்கு ஒரு வகை படிவத்தில் வர வேண்டும். சங்கங்களின் கூட்டமைப்பான சமாச மட்டத்தில் எழுப்பியிருக்கிறார்கள். இதை எழுதும் வரை பதில் இல்லை. சம்மதக் கடிதத்தின் காலம் முடிய முன் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறது பல்கலைக்கழகம்.

இப்போது கருத்து வேறுபாடு ஒன்று நிற்கிறது. வாய்க்காலோரத் திட்டில் விரல் நீளத்தைத் தாண்டியவை நிறைய இருக்கின்றன. காவல் காத்தவர்கள் நாங்கள், வருடத்தில் ஒரு மாதமாவது அதில் பொறுக்க விடுங்கள் என்று பெண்கள் கேட்கிறார்கள். பெரியவைதான் தாய், குறைந்தது இன்னும் இரண்டு மாரி காத்திருக்க வேண்டும் என்கிறார் விரிவுரையாளர். சங்கம் இரண்டு பக்கமும் பேசுகிறது. மாசியில் குஞ்சு எண்ணிய பிறகு இதை வாக்கெடுப்புக்கு விடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை பொறுக்குபவர்களுக்கும் வாக்கு உண்டு.